லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ போடக்கூடிய இயங்குதளம்) போட்டு ஒரே வாரத்தில் கைவிட்டவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். கறுப்புத் திரை, வராத வைஃபை, மூடியைத் திறந்தால் விழிக்காத கணினி, சட்டென்று காலியாகும் பேட்டரி. இந்த நாலைத் தாண்டி அதிகம் வராது. நாலுக்கும் காரணங்கள் தெரிந்தவைதான், பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும். ஆனால் தேடும்போது கிடைக்கிற கட்டளைகளை எல்லாம் வரிசையாக ஒட்டிப் பார்த்தால், இருந்த கோளாறோடு புதிதாக இரண்டு சேர்ந்துவிடும். அப்படிச் சேர்ந்த நிலையில் கைக்கு வந்த லேப்டாப்புகளைச் சரிசெய்யத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்திருக்கிறது. அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்ப் படித்தால் போதும்.

இங்கே சொல்வது மின்ட் 22 வரிசைக்கானது. அது உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்டது என்பதால் உபுண்டு வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

தொடங்கும் முன் இரண்டு பழக்கங்கள் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அதையும் முதலில் தற்காலிகமாகச் செய்து, பலித்தால் மட்டும் நிரந்தரமாக்குங்கள். அப்புறம், மின்டோடு வரும் டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் ஒரு ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் இப்போதைய நிலையின் நகல்) எடுத்து வையுங்கள். ட்ரைவர் (ஒரு பாகத்தை ஓட்டும் மென்பொருள்) மாற்றி ஏதாவது கெட்டுப்போனால் லைவ் யுஎஸ்பியிலிருந்தே (நிறுவாமலே மின்டைத் திறக்கும் பென்டிரைவ்) பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இன்னும் நிறுவவில்லை என்றால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. லைவ் யுஎஸ்பியில் திறந்து பத்து நிமிடம் செலவிடுங்கள். வைஃபை, ஒலி, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் கீகள், கேமரா, டச்பேட், மூடியை மூடித் திறப்பது எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். அங்கே வேலை செய்வது, நிறுவிய பிறகும் பெரும்பாலும் வேலை செய்யும்.

யுஎஸ்பியைச் செருகியும் நேராக விண்டோஸ்தான் திறக்கிறது

விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாடு கர்னலின் (சிஸ்டத்தின் மையப் பகுதி) நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு உறங்கும். அதனால் ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து, லோகோ வரும்போது பூட் மெனு கீயைத் தட்டுங்கள். எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று தயாரிப்பாளருக்கு ஏற்ப அது மாறும். இரண்டு சிஸ்டமும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அடியோடு அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால், விண்டோஸ் பார்ட்டிஷனை லினக்ஸில் திறந்தால் படிக்க மட்டும் முடிகிறது, எழுத முடியவில்லை என்று வந்து நிற்கும்.

செக்யூர் பூட் (கையொப்பம் உள்ளவற்றை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இருந்தாலும் மின்ட் திறக்கும். ஆனால் புதிய லேப்டாப்புகள் சிலவற்றில் மைக்ரோசாஃப்டின் மூன்றாம் தரப்புச் சான்றிதழை ஏற்பதற்கான தெரிவு பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) அணைந்திருக்கும். அதை இயக்கினால் போதும், செக்யூர் பூட்டையே அணைக்க வேண்டியதில்லை.

பயாஸில் கை வைக்கும் முன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) இயங்குகிறதா என்று பார்த்து, 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பு மாறியதைப் பார்த்ததும் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கலாம். அப்போது எண் கையில் இல்லை என்றால் உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு வழியே கிடையாது.

நிறுவும்போது வட்டே தெரியவில்லை

வட்டு கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம். இன்டெல் லேப்டாப்புகளில் சேமிப்புக் கட்டுப்பாடு ஆர்எஸ்டி அல்லது ரெய்டு முறையில் வைக்கப்பட்டிருக்கும். அந்த முறையில் இருக்கும் வட்டு மின்டின் இன்ஸ்டாலருக்குத் தெரிவதில்லை. பயாஸில் அதை ஏஹெச்சிஐ ஆக்க வேண்டும். விண்டோஸை வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் நேரடியாக மாற்றக் கூடாது, மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நிற்கும். முதலில் விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் திறக்கும்படி அமைத்து, ரீஸ்டார்ட் செய்யும்போது பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை உள்ளே போய்விட்டு, பிறகு சாதாரண முறைக்குத் திரும்புங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் புது ட்ரைவரை ஏற்றிக்கொள்ளும்.

லோகோ வந்த பிறகு திரை கறுப்பாகவே நிற்கிறது

அதிகம் பேரைத் துரத்திவிடும் அறிகுறி இதுதான். அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், திரை உண்மையிலேயே வெறுமையா? அறை விளக்கை அணைத்துவிட்டு, ஃபோன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் படம் வருகிறது, பின்விளக்கு மட்டும்தான் எரியவில்லை. வெளிச்சம் கூட்டும் கீயைப் பலமுறை அழுத்துங்கள், சில நேரம் வெளிச்சம் பூஜ்யத்தில் தொடங்கியிருக்கும். ஒன்றுமே தெரியவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து வடிவில் லாகின் கேட்டால் கணினி நன்றாகவே ஓடுகிறது, கிராஃபிக்ஸ் மட்டும்தான் தடுக்கிறது. பாதி பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

காரணம் பெரும்பாலும் என்விடியா சிப்பும், அதற்காக லினக்ஸோடு வரும் திறந்தமூல ட்ரைவரான நூவோவும் ஒத்துப்போகாததுதான். லைவ் யுஎஸ்பி என்றால் முதல் மெனுவிலேயே கம்பாட்டிபிலிட்டி மோட் இருக்கும், அதில் நுழையுங்கள். நிறுவி முடித்த கணினி என்றால் இப்படிச் செய்யுங்கள்: இயக்கியதும் எஸ்கேப்பை ஒருமுறை தட்டுங்கள் (பழைய பயாஸ் கணினிகளில் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும்). க்ரப் மெனு (எந்த சிஸ்டத்தைத் திறப்பது என்று கேட்கும் பட்டியல்) வரும். முதல் வரியில் நின்று, கீபோர்டில் ஆங்கில ‘ஈ’ கீயைத் தட்டினால் சில வரிகள் திறக்கும். அவற்றில் ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் ‘கொயட் ஸ்ப்ளாஷ்’ என்று இருக்கும். அந்த இரு சொற்களையும் அழித்துவிட்டு ‘நோமோட்செட்’ என்று இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகத் தட்டுங்கள். பிறகு எஃப்10. ‘கொயட்’டை எடுத்துவிட்டதால் இப்போது எழுத்துகள் ஓடும். மீண்டும் நின்றால், கடைசியாக ஓடிய வரியை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரிதான் நோயின் பெயர்.

திரை வந்துவிடும், ஆனால் எழுத்து பெரிதாக, பட அளவு குறைந்து இருக்கும். சரி, அது எதிர்பார்த்ததுதான். உடனே ட்ரைவர் மேனேஜரைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்டது என்று குறித்திருக்கும் என்விடியா ட்ரைவரை நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

நோமோட்செட் மருந்து அல்ல, மருந்துக் கடை வரை நடந்து போக உதவும் ஊன்றுகோல். அதையே நிரந்தரமாக விட்டுவிட்டுப் பல மாதம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிச்சத்தை மாற்ற முடியாது, வெளித்திரை வராது, வீடியோ திக்கும். அதை எல்லாம் லினக்ஸின் குறை என்று நினைத்துக்கொள்வார்கள். கம்பாட்டிபிலிட்டி மோடில் நிறுவியிருந்தால் அந்தச் சொல் நிறுவிய கணினியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஈடிசி கோப்புறைக்குள் டீஃபால்ட், அதற்குள் க்ரப் என்ற கோப்பு. அங்கே இருந்தால் எடுத்துவிட்டு ‘சூடோ அப்டேட்-க்ரப்’ கொடுங்கள்.

ட்ரைவரை நிறுவியும் பழைய நிலையே தொடர்கிறதா? செக்யூர் பூட்டைச் சந்தேகியுங்கள். அது இயங்கும்போது, வெளியிலிருந்து வரும் ட்ரைவருக்குக் கையொப்பம் வேண்டும். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வந்து, ஏதாவது ஒரு கீயை அழுத்தும்படி 10 விநாடி மட்டும் காத்திருக்கும். அழுத்தி, ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்து, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். நண்பர் ஒருவரின் லேப்டாப்பில் ட்ரைவரை மூன்று முறை நிறுவியும் ஏறவில்லை. நாலாவது முறை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். நீலத் திரை வந்தது, பத்து எண்ணியது, போய்விட்டது. மூன்று முறையும் நடந்தது அதுதான். திரையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

நேற்று வரை நன்றாக இருந்து, அப்டேட்டுக்குப் பிறகு கறுப்பானால் கதை வேறு. க்ரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்து திறங்கள். அதில் வந்தால் புதுக் கர்னல்தான் காரணம். அப்டேட் மேனேஜரில் கர்னல்கள் பட்டியலுக்குப் போய் அதை நீக்கிவிட்டு, அடுத்தது வரும்வரை பழையதிலேயே ஓட்டுங்கள். இதற்காகத்தான் வேலை செய்யும் கர்னல் ஒன்றை எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கச் சொல்கிறேன்.

வைஃபை பட்டியலே வரவில்லை

டெர்மினலில் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ கொடுங்கள். ‘ஹார்ட் பிளாக்டு’ என்பதற்கு நேராக ‘யெஸ்’ என்றிருந்தால் லேப்டாப்பின் பக்கவாட்டுச் சுவிட்ச் அல்லது விமானப் படம் போட்ட கீ அணைத்திருக்கிறது. மென்பொருளால் அதைத் திறக்க முடியாது. ‘சாஃப்ட் பிளாக்டு’ மட்டும் என்றால் ‘ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்’ போதும்.

இரண்டும் ‘நோ’ என்று காட்டினால், அல்லது பட்டியலே காலியாக இருந்தால், ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை ‘-என்என்கே’ என்ற குறியோடு கொடுங்கள். ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்ற பகுதிக்குக் கீழே ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அட்டை இருக்கிறது, அதை ஓட்ட ஆள் இல்லை என்று அர்த்தம். பிராட்காம் அட்டைகளில் இது சகஜம், ட்ரைவர் மேனேஜரிலேயே கிடைக்கும். அதை இறக்க இணையம் வேண்டுமே என்றால், ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள், கேபிள் இணைய இணைப்பு போலவே வந்துவிடும். மின்ட் நிறுவிய யுஎஸ்பி கையில் இருந்தால், ட்ரைவர் மேனேஜர் அதிலிருந்தும் எடுத்துக்கொள்ளும்.

லேப்டாப் மிகப் புதிது என்றால் கர்னல் பழையதாக இருக்கலாம். மின்ட் 22 வெளிவந்த 2024-இல் அதனோடு வந்தது கர்னல் 6.8. அதற்குப் பிறகு சந்தைக்கு வந்த அட்டை அதற்குத் தெரியாது. அப்டேட் மேனேஜரிலேயே புதிய கர்னலைத் தேர்ந்து நிறுவலாம்.

வைஃபை வருகிறது, ஆனால் அடிக்கடி அறுகிறது அல்லது மந்தமாக இருக்கிறது என்றால், மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள். நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்புறையில் ‘வைஃபை பவர்சேவ்’ என்று பெயரில் வரும் கோப்பில் 3 என்ற எண் இருக்கும். 3 என்றால் சேமிப்பு உண்டு, 2 என்றால் இல்லை. மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மூடியைத் திறந்தால் விழிக்கவில்லை, அல்லது பைக்குள் சூடாகி பேட்டரி தீர்ந்துபோகிறது

இரண்டும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. லேப்டாப் உறங்குவதில் இரண்டு விதம் உண்டு. பழைய விதத்தில் நினைவகத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் மின்சாரம் நிற்கும், இதற்கு ‘டீப்’ என்று பெயர். புதிய விதத்தில் கணினி ஃபோனைப் போல அரைத் தூக்கத்தில் இருக்கும், இதன் பெயர் ‘எஸ்2ஐடில்’. அரைத் தூக்கத்தில் ஏதாவது ஒரு பாகம் முழுதாகக் கண்ணயரவில்லை என்றாலும் மின்சாரம் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

உங்களுடையது எது என்று தெரிய, ‘சிஸ்’ கோப்புறைக்குள் ‘பவர்’, அதற்குள் ‘மெம்_ஸ்லீப்’ என்ற கோப்பை ‘கேட்’ கட்டளையால் படியுங்கள். சதுர அடைப்புக்குள் இருக்கும் சொல்தான் இப்போது நடப்பில் இருப்பது. இரண்டு சொற்களும் இருந்து, அடைப்பு எஸ்2ஐடில் மேல் இருந்தால் உங்களுக்கு வழி இருக்கிறது. ‘எக்கோ டீப்’ என்பதை ‘சூடோ டீ’ வழியாக அதே கோப்பில் எழுதுங்கள். இது அடுத்த ரீஸ்டார்ட் வரைதான் நிற்கும். இப்போது மூடியை மூடி, ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள். ஒழுங்காக எழுந்தால், அன்றிரவு படுக்கும் முன் பேட்டரி சதவீதத்தைக் குறித்து வைத்து, காலையில் ஒப்பிட்டுப் பாருங்கள். திருப்தி என்றால் க்ரப் கோப்பில் ‘மெம்_ஸ்லீப்_டீஃபால்ட்’ என்பதை டீப் என்று எழுதி, முன்பு சொன்ன ‘சூடோ அப்டேட்-க்ரப்’ கொடுத்து நிரந்தரமாக்குங்கள். ‘டீப்’ என்ற சொல்லே இல்லையென்றால் பயாஸில் உறக்க முறை பற்றிய தெரிவு இருக்கிறதா தேடுங்கள். சில லேப்டாப்புகளில் அங்கே ‘லினக்ஸ்’ என்றே ஒரு தெரிவு இருக்கும். அதுவும் இல்லையென்றால் பைக்குள் வைக்கும் முன் முழுதாக அணைத்துவிடுங்கள். மூடிய பைக்குள் சூடேறுவது பேட்டரியின் ஆயுளையே குறைக்கும், இதில் சமரசம் வேண்டாம்.

விழிக்காத சமயத்தில் உடனே பவர் பட்டனைப் பிடித்து அணைக்காதீர்கள். கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் கணினி விழித்துவிட்டது, திரை மட்டும்தான் வரவில்லை. அப்படியானால் உறக்க முறையைத் தொட வேண்டாம், கிராஃபிக்ஸ் ட்ரைவர் பக்கம் போங்கள். விளக்கு அசையவே இல்லை என்றால்தான் உறக்கத்தில் கோளாறு. இந்த ஒரு சோதனை பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தியிருக்கிறது.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது

மென்பொருளைக் குறை சொல்லும் முன் பேட்டரியின் வயதைப் பாருங்கள். ‘அப்பவர் -டி’ கட்டளை இரண்டு எண்களைக் காட்டும்: தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது நிரம்பும் கொள்ளளவு. முதலாவது 50 வாட்-மணி, இரண்டாவது 30 என்றால் பேட்டரியில் 60 சதவீதம்தான் மிச்சம். எந்த அமைப்பாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

எண்கள் நன்றாக இருந்தால் ‘பவர்டாப்’ நிறுவி, எந்த வேலையும் செய்யாமல் எத்தனை வாட் செலவாகிறது என்று பாருங்கள். இரட்டை கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் சும்மா இருக்கும்போதே எண் பெரிதாக இருந்தால், பெரும்பாலும் என்விடியா சிப் தூங்காமல் இருக்கிறது. ‘பிரைம்-செலக்ட்’ கட்டளையில் ‘ஆன்-டிமாண்ட்’ அல்லது ‘இன்டெல்’ தேர்ந்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி அளந்து பாருங்கள். மின்சேமிப்புக்கு டிஎல்பி நல்ல கருவிதான். ஆனால் அதே வேலையைச் செய்யும் பவர் ப்ரொஃபைல்ஸ் டெமான் ஓடும் கணினியில் இரண்டையும் சேர்த்து ஓட்டக் கூடாது, ஒன்று வைத்த அமைப்பை மற்றது கலைக்கும்.

ஒலி இல்லை, ‘டம்மி அவுட்புட்’ என்று காட்டுகிறது

முதலில் ஒலி அமைப்பில் வெளியீடு எச்டிஎம்ஐ மேல் நிற்கிறதா பாருங்கள். பாதி புகார் அங்கேயே முடிந்துவிடும். இல்லையென்றால் டெர்மினலில் ‘ஆல்சாமிக்சர்’ திறந்து, எஃப்6-இல் அட்டையைத் தேர்ந்து, ‘எம்எம்’ என்று காட்டும் தூண்களை ‘எம்’ கீயால் திறந்துவிடுங்கள். டம்மி அவுட்புட் மட்டுமே இருந்தால், பெரும்பாலும் அட்டைக்கு ட்ரைவரோ ஃபர்ம்வேரோ (பாகத்துக்குள் ஓடும் மென்பொருள்) ஏறவில்லை. புதிய இன்டெல் லேப்டாப்புகளில் புதுக் கர்னல்தான் முதல் மருந்து.

விண்டோஸிலும் லினக்ஸிலும் நேரம் மாறி மாறிக் காட்டுகிறது

கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிக்கின்றன. ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ கொடுத்தால் லினக்ஸும் விண்டோஸ் வழிக்கு வந்துவிடும்.

திடீரென்று எல்லாம் உறைந்துபோகிறது

மவுஸ் விட்டு விட்டு நகர்ந்து, வட்டு விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் நினைவகம் தீர்ந்துவிட்டது. 4 ஜிபி கணினியில் பிரவுசர் டேப்கள் இருபதைத் தாண்டினால் இதுதான் நடக்கும். ஸ்வாப் (நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் இடம்) இருக்கிறதா பாருங்கள், முடிந்தால் நினைவகத்தைக் கூட்டுங்கள்.

மவுஸ்கூட நகரவில்லை என்றாலும் நேரடியாக அணைக்காமல், ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்க்ரீனையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி (ஆங்கில இரண்டாம் எழுத்து) என்று இரண்டு விநாடி இடைவெளியில் தட்டுங்கள். எஸ் எழுதாமல் நிற்கும் தகவலை வட்டில் எழுதும், யு வட்டைப் படிக்க மட்டும் என்று மாற்றும், பி மறுதொடக்கம் செய்யும். ஆறெழுத்து வரிசை ஒன்றும் பல இடங்களில் சொல்லப்படும், ஆனால் உபுண்டு வழி வந்தவற்றில் இயல்பாக அனுமதிக்கப்பட்டிருப்பவை இந்த மூன்றுதான். திறந்ததும் ‘ஜர்னல்சிடிஎல் -பி -1 -பி எர்’ கொடுங்கள் (முதல் ‘பி’ ஆங்கில இரண்டாம் எழுத்து, அடுத்தது பதினாறாம் எழுத்து). சென்ற முறை ஓடியபோது பதிவான பிழைகள் மட்டும் வரும். கடைசிச் சில வரிகளைப் படியுங்கள்.

சரியாகாதவை

கைரேகை உணரிகளில் பலவற்றுக்கு லினக்ஸ் ட்ரைவரே கிடையாது. ‘எல்எஸ்யுஎஸ்பி’ காட்டும் அடையாள எண், எஃப்பிரின்ட் திட்டத்தின் ஆதரவுப் பட்டியலில் இல்லையென்றால் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். புதிய இன்டெல் லேப்டாப்புகள் சிலவற்றில் வரும் ஐபியு6 வகைக் கேமராவும் சாதாரண யுஎஸ்பி கேமரா போல உடனே வராது, தனி ட்ரைவர் வேண்டும். தினமும் வீடியோ அழைப்பு இருப்பவர்கள் லேப்டாப் வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால் யாரிடமாவது கேளுங்கள். கேட்கும்போது ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. எந்த இடத்தில் நிற்கிறது, கடைசியாக எதை மாற்றினீர்கள், எதையெல்லாம் முயன்று பார்த்தீர்கள் என்று எழுதி, ‘இன்க்சி -எஃப்எக்ஸ்எக்ஸ்எக்ஸ்இசட்’ காட்டும் முழு விவரத்தையும் கீழே ஒட்டுங்கள். கடைசி எழுத்தான இசட்டை விட்டுவிடாதீர்கள். உங்கள் கணினியின் வரிசை எண்ணையும் நெட்வொர்க் முகவரியையும் மறைத்துக் கொடுப்பது அதுதான்.